மண்பெட்டியோடு கப்பல் ஏறியவன்

மாயாபந்தரில் அப்போது இருந்தது ஒரே ஒரு சினிமாக் கொட்டகை. கொட்டகை என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் வசனம் கேட்காது, திரையில் யார் வாயைத் திறந்தாலும் மழைதான் பேசும். அங்கே நான் ஆபரேட்டர். எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

என் வாழ்நாளில் நான் ஓட்டிய படங்களிலேயே மட்டமான படம் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தது. ரத்தம் குடிக்கும் பேயைப் பற்றிய படம். அதே தினுசில் இன்னும் பல படங்களைப் பிறகு ஓட்டியிருக்கிறேன். அவை எல்லாம் கொட்டகையோடு நின்றுகொண்டன. இது என் வீட்டுக்குள் வந்துவிட்டது. என் மனைவி என்னோடு இந்தத் தீவில் இருப்பாளா, ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாளா என்று நான் நிலைகொள்ளாமல் அலைந்த நாட்கள் அவை. டீக்கடையில் உட்கார்ந்தால் பாதி டீயில் எழுந்துவிடுவேன். படகு வந்து நிற்கும் ஜெட்டி வரை நடப்பேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம், ஆற்றங்கரை ஊர். அவளுடைய மாமா போர்ட் பிளேரில் துறைமுக வேலையில் இருந்தார், அவர்தான் எங்கள் கல்யாணத்தை முடித்துவைத்தார். நான் தீவிலேயே பிறந்தவன். என் பூட்டனைக் கைதியாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். எந்த ஊர், என்ன குற்றம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, எங்கள் வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. எங்கள் தமிழில் பாதி இந்தி. நான் ‘சலோ, போகலாம்’ என்று சொன்னால் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் கொஞ்ச நாளில் நின்றுபோனது. காரணம், அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வந்து இறங்கிய நாளிலிருந்தே அவள் சரியாகத் தூங்கவில்லை. தவளைச் சத்தம் என்றாள். பிறகு தகரத்தில் மழை விழுகிற சத்தம் என்றாள். மழை நின்றால் அது நின்றுபோன அமைதி என்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. உலையை வைத்துவிட்டு அடுப்பின் முன்னால் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சோறு அடிப்பிடித்துவிடும். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மலையாளி வீட்டில் ஜாதிக்காய், தெலுங்கு வீட்டில் கசகசா, பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் ஏதோ ஒரு எண்ணெயைக் கொண்டுவந்து அவள் உச்சியில் தேய்த்தே விட்டாள். எண்ணெய்ப் பிசுக்குதான் மிச்சம்.

ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, ‘எதற்கும் ஒரு தடவை மெயின்லேண்டுக்கு அனுப்பிப் பாருங்களேன்’ என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் வனத்துறை குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவர் மனைவி பிரசவத்துக்கு மெயின்லேண்ட் போனவள், போனவள்தான். அவர் ஒவ்வொரு படகு வரும்போதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஜெட்டிக்கு வந்து நிற்பார். இறங்குகிற கடைசி ஆளையும் பார்த்துவிட்டு, ஏதோ காற்று வாங்க வந்தவர் மாதிரி திரும்பிப் போவார். எல்லோரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். எனக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நாளைக்கு அந்த இடத்தில் நான் நிற்கப்போகிறேன் என்ற பயம்தான் அந்த எரிச்சல்.

இந்த நிலைமையில்தான் படப்பெட்டி வந்தது. நல்ல படங்கள் எங்களுக்கு வராது. போர்ட் பிளேரில் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்து, இனி யாரும் சீண்டமாட்டார்கள் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் ஒரு படம் படகேறி மாயாபந்தருக்கு வரும். எங்கள் முதலாளி மரம் வெட்டும் கான்ட்ராக்டர். சினிமா அவருக்குப் பொழுதுபோக்கு. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வரவழைப்பார். பேய்ப் படங்கள்தான் மலிவு.

படம் இந்தி. எல்லோருக்கும் பொதுவாகப் புரிவது அதுதான். கதை இவ்வளவுதான். ஒரு ஜமீன்தார். செத்துப்போய்ப் பேயாகிவிட்டவர். அவருடைய நிலத்தை வாரிசுகள் விற்றுவிடுகிறார்கள். பேய்க்கு ஒரு கஷ்டம் இருக்கிறது: தன் சொந்த மண்ணில் படுத்தால்தான் அதற்குப் பகலில் தூக்கம் வரும். அதனால் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அந்த நிலத்து மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, ஸ்டீமர் ஏறி, பட்டணம் வந்து சேருகிறது. இரவெல்லாம் பட்டணத்துப் பெண்களின் கழுத்தைக் கடிக்கும். விடிந்தால் பெட்டியைத் திறந்து மண்மேல் படுத்துக்கொள்ளும். கடைசி ரீலில் கதாநாயகன் பெட்டியைக் கண்டுபிடித்து மண்ணை ஆற்றில் கொட்டிவிடுவான். படுக்க இடமில்லாமல் பேய் வெயிலில் நின்று கருகும். சுபம்.

எடுத்த லட்சணத்தைக் கேட்காதீர்கள். ஸ்டீமர் என்பது தொட்டித் தண்ணீரில் விட்ட பொம்மைக் கப்பல், அலை அடித்தால் தொட்டியின் விளிம்பு தெரியும். புகைக்குச் சாம்பிராணி. ஒரு காட்சியில் சாம்பிராணித் தட்டை விசிறுகிற கையே தெரிந்தது. பேயின் கோரைப்பல் அதன் வாய்க்குப் பொருந்தவில்லை. பேசும்போது ஒரு பல் கீழே இறங்கும், அது நாக்கால் மேலே தள்ளிக்கொள்ளும். வௌவால் கறுப்புத் துணியில் செய்தது, கட்டிய நூல் வெளிச்சத்தில் பளபளவென்று தெரியும்.

முதல் நாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக வீட்டில் விழித்துக்கொண்டு கிடப்பதற்குக் கொட்டகைக்காவது வரட்டுமே என்றுதான். ஆபரேட்டர் அறையில் ஒரு காலி மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்தேன். அறை முழுக்கப் புரொஜெக்டர் சூடு, அதன் விளக்கில் எரியும் கார்பன் குச்சியின் புகை. அவள் சுவரில் இருந்த ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். வௌவால் வந்தது, நூல் பளபளத்தது. அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு, எனக்கு ரீல் மாற்றக் கை ஓடவில்லை.

பேய் பட்டணத்துத் தெருவில் தனியாக அலைகிற காட்சி வந்தபோது அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“இந்த ஊர்ல எனக்குத் துணையா முழிச்சிருக்கது இவன் ஒருத்தந்தான்” என்றாள்.

“பேய்க்குப் பயமில்லையா உனக்கு?” என்றேன்.

“அதுக்கென்ன, பகல்லயாச்சும் உறங்குதான்லா. எனக்கு அதுவும் இல்ல.”

அன்றைக்குக் கடைசி ரீலில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கதாநாயகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறான். எந்த ஊர்க் கொட்டகையாக இருந்தாலும் அந்த இடத்தில் விசில் பறக்கும். எங்கள் கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். நிலத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த வங்காளிகள். மரம் வெட்ட வந்த ராஞ்சிக்காரர்கள். பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த நம் ஆட்கள். எல்லோருமே ஒரு பெட்டியோடு கப்பல் ஏறி வந்தவர்கள். கதாநாயகன் பெட்டியைக் கவிழ்த்தான். மண் தண்ணீரில் விழுந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்தான்.

“அரே பாகல்! உஸ்கா மிட்டி உஸ்கோ தே தோ!”

அடே பைத்தியக்காரா, அவன் மண்ணை அவனிடமே கொடு என்கிறாள். பேய்க்காகப் பரிந்து பேசுகிறாள்! அவ்வளவுதான், கொட்டகையே எழுந்துவிட்டது. ஆளாளுக்கு அவரவர் பாஷையில் கதாநாயகனைத் திட்டினார்கள். ஒரு செருப்பு பறந்து திரையில் விழுந்தது, அதற்குப் பிறகு கணக்கே இல்லை. திரைத் துணி ஓரத்தில் கிழிந்தது. கதாநாயகி அவனைக் கட்டிக்கொண்டபோது ‘அவளும் திருடி’ என்று தமிழில் யாரோ கத்தினார்கள். பேய் கருகும்போது அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாளும் அதே கூத்து. படத்தைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. கடல் கொந்தளிப்பு, அடுத்த படத்தைக் கொண்டுவர வேண்டிய படகு போர்ட் பிளேரை விட்டே கிளம்பவில்லை. இருப்பதை ஓட்டித்தான் ஆகவேண்டும். முதலாளி கிழிந்த திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“கடைசி ரீல் வேணாம்யா. அதுக்கு முன்னாடியே கதம் பண்ணிடு” என்றார்.

“பாதியில நிறுத்தினா இன்னும் அடிப்பாங்க மாலிக்” என்றேன்.

“அப்ப ஏதாவது பண்ணு. இன்னொரு துணி வாங்க என்னால முடியாது.”

எனக்கு அந்த நாட்களில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. உட்கார்ந்து யோசித்தேன். படத்தின் ஆரம்பத்தில் பேய் மண்பெட்டியோடு ஸ்டீமரில் ஏறும், ஸ்டீமர் சங்கு ஊதிக்கொண்டு புகைக்குள் போகும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தேன். கதாநாயகன் பேயைத் துரத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில், அவன் பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால், அதை ஒட்டினேன். கடைசி ரீலை டின்னுக்குள்ளேயே மூடிவைத்தேன். பிலிம் ஒட்டும் பசை என்னிடம் எப்போதும் இருக்கும். திருப்பி அனுப்பும்போது பழையபடி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இப்போது கதை மாறிவிட்டது. பட்டணத்தில் எல்லோரும் துரத்துகிறார்கள். பேய் ஓடுகிறது. பிறகு பார்த்தால் அது தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டீமரில் ஏறிவிடுகிறது. சங்கு ஊதுகிறது. பேய் ஊருக்குப் போய்விட்டது. முற்றும்.

அன்றைக்குக் கொட்டகையில் எழுந்த கைதட்டல் மாதிரி நான் பிறகு எந்தப் பெரிய நடிகர் படத்துக்கும் கேட்டதில்லை. சங்கு ஊதும்போது ராஞ்சிப் பையன்கள் பெஞ்சு மேல் ஏறி நின்று கையசைத்தார்கள். ஆரம்பத்தில் ஒரு துண்டு காணாமல் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. படகு வராத அத்தனை வாரமும் அதே படம் ஓடியது, அதே ஆட்கள் வந்தார்கள். பேய் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். கதாநாயகன் வரும்போதெல்லாம் ‘போடா, போய் வேலையைப் பாரு’ என்று சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நல்ல படம் நம் வாயை அடைத்துவிடும். அது அழச் சொல்லும் இடத்தில் அழுவோம், சிரிக்கச் சொல்லும் இடத்தில் சிரிப்போம், முடிந்ததும் எழுந்து வருவோம். அதனோடு பேச முடியாது. மட்டமான படத்தில் எல்லாப் பக்கமும் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நாம் உள்ளே போய்விடலாம். நூல் தெரிகிற வௌவாலைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆனால் படுக்க இடமில்லாத ஒருவனை, அவன் பல் கழன்று விழுந்தாலும், எங்கள் ஊர் அடையாளம் கண்டுகொண்டது. பல் நன்றாகப் பொருந்தியிருந்தால் ஒருவேளை கண்டுகொண்டிருக்காது.

அவளும் தினம் வந்தாள். அதே மரப்பெட்டி, அதே ஓட்டை. ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே கூட்டம் கதாநாயகனைத் திட்டித் தீர்க்கிறது, காதருகே புரொஜெக்டர் கடகடக்கிறது, இவள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். ரீல் முடிந்துவிட்டது. எங்களிடம் ஒரே புரொஜெக்டர், அடுத்த ரீல் மாட்ட வேண்டுமானால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். நான் நிறுத்தவில்லை. வெறும் வெள்ளை வெளிச்சம் திரையில் விழுந்துகொண்டே இருந்தது. கூட்டம் விசிலடித்தது, முதலாளி கீழேயிருந்து என் வம்சத்தையே திட்டினார். திட்டினால் திட்டட்டும். கார்பன் குச்சி எரிந்து தீருகிற வரை நான் அசையவில்லை. அணைந்ததும் விழித்துக்கொண்டாள்.

“கப்பல் போயிட்டா?” என்றாள்.

“இன்னும் இல்ல. இப்பதான் போகும்” என்று அடுத்த ரீலை மாட்டினேன்.

அடுத்த நாள் காலையில் வீட்டுப் பின்புறம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எனக்கும் சந்தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

“கப்பல்காரன்கிட்ட சொல்லி உங்க ஊர் மண்ண ஒரு மூட்டை வரவழைச்சிடவா? கட்டிலுக்குக் கீழ போட்டா படுத்ததும் தூக்கம் வந்துடும்” என்றேன்.

“நான் என்ன பேயா?” என்று சுள்ளென்று கேட்டாள். நான் பயந்துபோனேன். அவள் கொஞ்ச நேரம் சாம்பலைப் போட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தாள். பிறகு, “ஏங்க, உங்களுக்கு எந்த ஊரு மண்ணு? உங்க பூட்டனார் ஒரு பிடியாச்சும் கொண்டாந்தாரா?” என்றாள்.

“கையில விலங்கு. எதுல கொண்டு வருவாரு?”

“அப்ப உங்களுக்கு மண்ணே இல்லையா?”

நான் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், எலுமிச்சங்கன்றின் அடியில், குதிகாலால் தரையை மிதித்தேன். பாத்திரத் தண்ணீர் விழுந்து விழுந்து கறுத்துக் கொழகொழத்த மண்.

“இதோ, இதுதான்” என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். 

கடல் அடங்கியது. படகு வருகிறது என்று ஜெட்டியில் தகவல் வந்த அன்றைக்குச் சாயங்காலக் காட்சியில் ஸ்டீமர் சங்கு ஊதி முடிந்ததும், கைதட்டலுக்கு நடுவில் அவள் கேட்டாள்.

“அவன் ஊருக்குப் போயிட்டான்லா. நானும் ஒரு நடை போயிட்டு வரட்டுமா? அம்மையப் பாக்கணும் போல இருக்கு.”

என் கையில் சூடான கார்பன் குச்சி இருந்தது. சுட்டுக்கொண்டேன். அந்த முடிவை வெட்டி ஒட்டியவன் நான். பேயை ஊருக்கு அனுப்பிவைத்தவன் நான். அதை உட்கார்ந்து பார்க்க இவளுக்குப் பெட்டி போட்டுக்கொடுத்தவனும் நான்தான். யாரைக் கோபித்துக்கொள்வது?

“போறதுன்னா போ” என்றேன்.

“கோவமா?”

“எனக்கென்ன கோபம். டாக்டரே சொன்னாரு.”

எப்போது திரும்பி வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவாள் என்று பயம். ‘போயிட்டு வாரேன்’ என்று அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அதை யார்தான் சொல்வதில்லை? தமிழ் பேசுகிறவர்கள் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு வாசல் தாண்டுவதில்லையே. குமாஸ்தாவின் மனைவியும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் போயிருப்பாள்.

அந்தச் சில நாட்கள் நான் மனுஷனாகவே இல்லை. அவள் துணி மடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பேசினால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வேன், பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று உள்ளே குமுறுவேன். இப்போது தூக்கம் வராதது எனக்கு. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், “மூடி இறுக்கமா இருக்க டின்னு ஒண்ணு வேணுமே, தண்ணி உள்ள போவக் கூடாது” என்று கேட்டாள். கார்பன் குச்சிகள் நமுத்துப்போகாமல் இருக்க நான் கொட்டகையில் வைத்திருந்த பிஸ்கட் டின் ஒன்று உண்டு. குச்சிகளைக் கொட்டிவிட்டு அதைக் கொண்டுவந்து ணங்கென்று அவள் முன்னால் வைத்தேன். வழிக்கு முறுக்கு போட்டுக்கொள்வாளாக்கும் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. முறுக்கைப் பற்றிக்கூடப் பேசாத அளவுக்கு வீம்பு.

பேய்ப் படத்தையும் அதே படகில்தான் திருப்பி அனுப்ப வேண்டும். கொட்டகையில் தனியாக உட்கார்ந்து ரீலைப் பிரித்தேன். ஸ்டீமர் துண்டைக் கழற்றி, ஆரம்பத்தில் அது இருந்த இடத்திலேயே ஒட்டினேன். கடைசி ரீலை எடுத்துப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தேன். மண்ணை ஆற்றில் கொட்டட்டும், அவன் வெயிலில் நின்று கருகட்டும், எல்லாம் எடுத்தவன் எடுத்தபடியே நடக்கட்டும் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது.

ஜெட்டியில் கூட்டம். முதலில் படப்பெட்டியை ஏற்றினார்கள், பிறகு ஆட்கள். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வழியனுப்ப வந்திருந்தாள். படப்பெட்டி போவதைப் பார்த்து, “லோ, வோ பி ஜா ரஹா ஹை” என்று சிரித்தாள். பேயும் போகிறதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர்ட் பிளேரில் அவளுடைய மாமா வந்து மெட்ராஸ் கப்பலில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. அவளிடம் ஒரு டிரங்குப் பெட்டி, தோளில் ஒரு துணிப்பை. பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், பையை வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. “இத நானே வச்சிக்கிடுதேன்” என்று இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

“வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. போயிட்டு வாரேன்” என்றாள்.

“ம்” என்றேன். பெண்டாட்டி கப்பலேறும்போது ஒரு மனுஷன் சொல்லக்கூடியது அவ்வளவுதானா? அவ்வளவுதான் வந்தது.

படகு கிளம்பியது. வனத்துறை குமாஸ்தா அன்றைக்கும் வந்திருந்தார். இறங்கியவர்களைப் பார்த்து முடித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், தன்னுடைய ஆட்களில் ஒருவனைப் பார்ப்பது போல. நான் அங்கே நிற்காமல் விறுவிறுவென்று நடந்தேன்.

வீட்டில் என்னால் உள்ளே உட்கார முடியவில்லை. கொடியில் அவள் சேலை இல்லை. அடுப்பு மெழுகியிருந்தது. குடிக்கத் தண்ணீர் மொண்டேன், குடிக்காமல் வைத்தேன். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவற்றின் பக்கத்தில், எலுமிச்சங்கன்றின் அடியில், புதிதாக ஒரு குழி. நாயோ கோழியோ கிளறியது இல்லை, ஓரமெல்லாம் அகப்பையால் சீவியது போல ஒழுங்காக இருந்தது. பக்கத்தில் அகப்பையும் கிடந்தது, கழுவாமல். அதில் கறுப்பு மண் ஒட்டியிருந்தது. நான் குதிகாலால் மிதித்துக் காட்டிய இடம்.

குனிந்து குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் டின் கொள்ளும் அளவு எனக்குத் தெரியாதா? டின் என்னுடையது.

முதலில் வந்தது கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு? அப்புறம் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வாரத்தில் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்தது அப்போதுதான். படத்தை அவள் என்னைவிடச் சரியாகப் பார்த்திருக்கிறாள். பேய் பெட்டியில் எடுத்துக்கொண்டு போவது, அது எங்கே போகிறதோ அந்த ஊர் மண்ணை அல்ல. எங்கே படுத்தால் அதற்குத் தூக்கம் வருமோ அந்த மண்ணை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் குழி தூர்ந்துவிடும். எழுந்து, கூரைக்கு வைத்திருந்த பழைய தகரத்தில் ஒரு துண்டை எடுத்து அதன் மேல் மூடினேன். காற்றில் பறக்காமல் இருக்க நாலு பக்கமும் கல் வைத்தேன். அவள் வந்து கொட்டுகிற வரை அது அப்படியே இருக்க வேண்டும்.